பெயர் கேட்காத பரிசோதனை

எச்.ஐ.வி. சோதனை இலவசம். மருந்தும் இலவசம். ஆனாலும் தொற்றுள்ள ஐந்து பேரில் ஒருவருக்கு அது இருப்பதே தெரியாது. பாகூர் கொம்யூனின் செலியமேடு போன்ற ஊர்களில் நின்று பார்த்தால் காரணம் புரியும். பெயர் கேட்காத பரிசோதனையைச் சட்டமாக்கி அதைத் தீர்க்கும் அதிகாரம் புதுச்சேரி சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது.

செலியமேட்டில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பாகூருக்குப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் உட்காரும்போது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார். “என்ன உடம்புக்கு?” என்று கேட்பார். “சுகர் பாக்க வந்தேன்” என்று சொன்னால் பேச்சு அத்தோடு முடியும். மிஞ்சினால் வெந்தயம் சாப்பிடச் சொல்லி ஒரு யோசனை கிடைக்கும்.

அதே மனிதர் எச்.ஐ.வி. சோதனைக்கு வந்திருந்தால்? சீட்டு எழுதுபவர் பக்கத்து ஊர். நர்சம்மா பெரியம்மா வழியில் உறவு. லேப்புக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் தம்பியோடு படித்தவர். இவர்களில் யாரும் தகவலை வெளியே சொல்லப்போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்த அறைக்குள் நுழைவதைப் பார்த்த கண்களை என்ன செய்வது? பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டபின், அந்த நோட்டு எந்த மேசையில், யார் கண்ணில் படும்படி கிடக்கும் என்ற நினைப்பை என்ன செய்வது?

நெல் விளையும் ஊர்கள் இவை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். இன்றைக்கு இந்த ஊர்களின் பிழைப்பு வயலோடு முடிவதில்லை. கம்பெனி வேலை, கட்டட வேலை, லாரி, வேன், கடலூர்ச் சந்தை, வளைகுடா நாடுகள், சில குடும்பங்களுக்குப் பிரான்ஸ் என்று ஆட்கள் போய் வருகிறார்கள். போன இடத்தில் நடந்த ஒன்றைப் பற்றிய சந்தேகம் மனதில் இருக்கலாம். ஒரு சொட்டு ரத்தத்தில் அது தீர்ந்துவிடும். அந்தச் சொட்டை எங்கே கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

அரசு மையத்தில் நடப்பது என்ன?

ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையம், சுருக்கமாக ஐ.சி.டி.சி. இந்த மையங்களைக் குறைசொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. நாட்டின் பொதுச் சுகாதாரத்தில் ஒழுங்காக நடக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. 1997-ல் தன்னார்வப் பரிசோதனை மையங்களாகத் தொடங்கி, 2006 முதல் இன்றைய வடிவத்தில் நடந்துவருகின்றன. முதலில் ஆலோசகர் பேசுவார். சோதனை எதற்கு, முடிவு எப்படி வந்தால் என்ன செய்யலாம் என்று விளக்கி, சம்மதம் கேட்பார். முதல் சோதனையில் தொற்று இருப்பதாகக் காட்டினால், வேறு இரண்டு வகைக் கருவிகளிலும் பார்த்து மூன்றும் ஒத்துப்போன பிறகே முடிவு சொல்வார்கள். பிறகு மறுபடியும் ஆலோசனை. வந்தவருக்கு ஓர் எண்ணும் தருவார்கள். கட்டணம் கிடையாது.

எண் தருகிறார்கள் என்றால் பெயர் தேவையில்லை என்று பொருளாகாது. பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏறுகின்றன. எண் அவற்றின் பக்கத்திலேயே நிற்கிறது. மையம் கொடுக்கும் உறுதி, “உங்கள் பெயரை எழுதிக்கொள்வோம், யாருக்கும் சொல்லமாட்டோம்” என்பது. நகரத்தில் அந்த உறுதி போதும். அங்கே பெயர் தெரிந்தாலும் ஆளைத் தெரியாது. பாகூர், வில்லியனூர் கொம்யூன் ஊர்களில் ஒரு பெயரைச் சொன்னால் மூன்று தலைமுறையின் கதை கூடவே வரும்.

அதனால் மக்கள் தங்களுக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக்கொள்கிறார்கள். பாகூர் கொம்யூனை ஒட்டியே கடலூர் மாவட்டம். நடுநடுவே தமிழ்நாட்டு ஊர்கள். எல்லை தாண்டி, முகம் தெரியாத ஊரில் போய் நிற்பது ஒரு வழி. பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்வது இன்னொரு வழி. தனியார் லேப் மூன்றாவது வழி. ஆனால் பில் போட அங்கேயும் பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்கிறார்கள். ஆலோசனை ஒரு வார்த்தை கிடையாது. முடிவு வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. வீட்டில் அந்த போனை யார் கையில் வைத்திருப்பார்களோ!

நான்காவது வழி, போகாமலே இருந்துவிடுவது. இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர் என்கிறது தேசிய மதிப்பீடு. ஐந்தில் ஒருவருக்குத் தன் நிலை தெரியாது. கர்ப்பிணிகள், காசநோயாளிகள், அறுவைச் சிகிச்சைக்கு வருபவர்கள், ரத்ததானம் செய்பவர்கள், வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுப்பவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் சோதனை நடந்துவிடுகிறது. இந்த வலைகள் எதிலும் சிக்காமல், தனக்கு இருக்குமோ என்று தானாகச் சந்தேகப்படும் ஆள்தான் வெளியே நிற்கிறார். அவர் தானாக வந்தால்தான் உண்டு.

மயிலாப்பூரில் ஆரம்பித்த கதை

நம் நாட்டில் எச்.ஐ.வி.யின் முதல் அடையாளம் தமிழ் மண்ணில்தான் கிடைத்தது. 1985 இறுதி, 1986 தொடக்கம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவியாக இருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரிக்கக் கிளம்பினார். விபசாரத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட பெண்களை அடைத்து வைத்திருந்த மயிலாப்பூர் விஜிலன்ஸ் ஹோமுக்குப் போனார். மாதிரிகள் ரயிலில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போயின. ஆறு மாதிரிகள், தொற்றின் அடையாளமாக, மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் மறுபடியும் சோதித்து உறுதி செய்தபின், அன்றைய தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அறிவியலாக அது பெரிய சாதனை. ரத்த வங்கிகளில் சோதனை வரவும், அரசு விழித்துக்கொள்ளவும் அது வழிசெய்தது. சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015-ல் மறையும்வரை நோயாளிகளோடே இருந்தார். ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பிற்காலப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். மறுக்கும் நிலையிலும் அவர்கள் இல்லை. நாட்டில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்த சோதனை, சம்மதம் கேட்காமல், பூட்டிய கதவுக்குள் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அரசுகள் எந்தத் திசையில் யோசித்தன என்பதற்கு இது முன்னறிவிப்பு.

கோவாவில் சட்டம் செய்த வேலை

புதுச்சேரியைப் போலவே ஐரோப்பியர் ஆட்சியிலிருந்து இந்தியாவோடு சேர்ந்த சின்ன நிலப்பகுதி கோவா. எச்.ஐ.வி. உள்ளவரைத் தனிமைப்படுத்திச் சிறைவைக்க அதிகாரம் தரும் பிரிவு அதன் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1989 பிப்ரவரி 14 அன்று, டொமினிக் டிசூசா என்ற இளைஞரைப் போலீஸ் கூப்பிட்டது. தவறாமல் ரத்ததானம் செய்துவந்தவர் அவர். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாமல் போனார். மாப்புசா மருத்துவமனையில் திறந்திருந்த பதிவேட்டில் தன் பெயரையும் பக்கத்தில் எய்ட்ஸ் என்ற சொல்லையும் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாள் அடைத்து வைத்தார்கள். அவருடைய தாய் லூசி பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். மகன் வீடு திரும்பினார். ஆனால் அந்தச் சட்டப் பிரிவு செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. டொமினிக் 1992-ல் இறந்தார்.

அதே 1989-ல் மத்திய அரசும் நாடாளுமன்றத்தில் ஓர் எய்ட்ஸ் தடுப்பு மசோதா கொண்டுவந்தது. தொற்றுள்ளவர்களின் விவரங்களை மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிக்கச் சொன்ன மசோதா அது. எதிர்ப்புக் கிளம்பியதால் பிறகு கைவிடப்பட்டது.

கோவாவில் என்ன நடந்தது என்று யோசித்தால், டொமினிக்கின் தனிப்பட்ட துயரத்தோடு அது முடியவில்லை. ரத்தம் கொடுத்தால் போலீஸ் வரும் என்று ஊருக்கே பாடம் சொல்லிக்கொடுத்தது அந்தச் சட்டம். அதன்பின் சந்தேகம் உள்ளவர் யார் ஆஸ்பத்திரிப் பக்கம் போவார்? பெயரைப் பிடித்தால் நோயைப் பிடித்துவிடலாம் என்று நினைத்த சட்டம் ஆட்களை விரட்டிவிட்டது.

பெயர் இருந்தும் பயனில்லை: சாத்தூர்

பெயரும் முகவரியும் வாங்கி வைத்தால்தானே தொற்றுள்ளவரைத் தேடிப்பிடித்துச் சிகிச்சை கொடுக்க முடியும் என்பது பெயரிலாப் பரிசோதனைக்கு எதிராகச் சொல்லும் முதல் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். 2016-லேயே அவர் ரத்ததானம் செய்தபோது தொற்று இருப்பது தெரிந்திருக்கிறது. அந்த ரத்தம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று அப்போது செய்தி வந்தது. இரண்டு ஆண்டு எதுவும் தெரியாமல் இருந்தவர், உறவுக்காரப் பெண் ஒருவருக்காக 2018-ல் சிவகாசியில் மறுபடியும் ரத்தம் கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் தன் நிலை அவருக்குத் தெரிந்தது. தெரிந்த உடனே தானாகவே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார், தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது. குற்ற உணர்ச்சி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் முடிவதற்குள் மதுரை மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் தெரிந்தது. இழப்பீடு தரச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

அந்த இளைஞரின் பெயர் பதிவேட்டில் இருந்தது. இருந்தும் அவரைக் காப்பாற்றவில்லை, அந்தப் பெண்ணையும் காப்பாற்றவில்லை. தன்னைப் பற்றித் தெரிந்த நொடியில் சரியானதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். முடிவைத் தெரிந்துகொள்ளும் முதல் உரிமை ரத்தம் கொடுத்தவருக்கு. அது அவர் கையில் போய்ச் சேர்ந்தால், பதிவேடு செய்யத் தவறியதை அவர் மனசாட்சியே செய்யும். பெரும்பாலான மனிதர்கள் அப்படிப்பட்டவர்கள்தான்.

2017 சட்டம் தந்தது எது, தராதது எது?

நீண்ட போராட்டத்துக்குப் பிறகு நாட்டுக்கு ஒரு நல்ல சட்டம் கிடைத்தது. லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பின் வழக்கறிஞர்கள், தொற்றோடு வாழ்பவர்களிடம் கலந்துபேசி வரைவு எழுதிய பிறகு பத்தாண்டுக்கும் மேல் ஆயிற்று. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017 ஏப்ரலில் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 அன்று அமலுக்கு வந்தது.

சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும். தன் நிலையை வெளியிடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வேலை, பள்ளி, வாடகை வீடு, மருத்துவமனை எதிலும் பாகுபாடு கூடாது. வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. மாநிலம்தோறும் ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும். முறையீடு வந்த 30 நாளில் அவர் உத்தரவிட வேண்டும். உத்தரவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

இந்தப் பாதுகாப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சென்னையில் நடந்த ஒன்றிலிருந்து எழுந்த வழக்கே சாட்சி. நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர், உறவினர் ஒருவரின் அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னையின் தனியார் மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தார். தொற்று இருப்பது தெரிந்தது. விஷயம் வெளியே போய், நிச்சயித்த திருமணம் நின்றது. சொந்த ஊரில் இருக்க முடியாமல் சென்னைக்கே வந்து வேலைபார்த்தார். ‘மிஸ்டர் எக்ஸ்’ என்ற புனைபெயரில் நடந்த அவருடைய வழக்கில், மருத்துவமனை செய்தது தவறில்லை என்று 1998-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. திருமண உரிமையும் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்டதாகவே சொன்னது. திருமணம் பற்றிய அந்தப் பகுதியை நீதிமன்றமே 2002-ல் விலக்கிக்கொண்டது. அப்போது அவர் இழந்தது எதுவும் திரும்பும் நிலையில் இல்லை.

2017 சட்டத்தின் பரிகாரங்களிலும் இதே சங்கடம் உண்டு. முறையீடு, விசாரணை, உத்தரவு, அபராதம் எல்லாமே விஷயம் வெளியே போன பிறகு நடப்பவை. செலியமேட்டில் ஒரு வீட்டைப் பற்றிப் பேச்சுப் பரவிவிட்டால், எந்தக் குறைதீர்ப்பாளரும் அதைத் திரும்ப வாங்கித் தர முடியாது. மகளுக்கு வரன் பார்க்க வேண்டிய தகப்பன், சட்டப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வீட்டுக்கு விளக்கம் சொல்வார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயரில்லாமல் இருப்பதை இந்தச் சட்டம் இரண்டு இடங்களில் ஒப்புக்கொள்கிறது. நோய்ப் பரவலைக் கணக்கெடுக்க அரசு செய்யும் சோதனை ஒன்று. அங்கே ரத்தம் யாருடையது என்று தெரியாதபடி நடத்தலாம். பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகள் வரும் மையங்களில் பெயர் நீக்கிய மாதிரிகளை வைத்தே நாட்டின் எச்.ஐ.வி. கணக்கு போடப்பட்டது. நீதிமன்றம் மற்றொன்று, வழக்காடுபவர் புனைபெயரில் வரலாம். அரசுக்குக் கணக்கு வேண்டும்போது பெயர் தேவையில்லை; நீதிபதி முன் நிற்கும்போதும் பெயர் தேவையில்லை. ஆனால் “எனக்கு இருக்கிறதா?” என்று தனக்காகக் கேட்டு வரும் சாதாரண மனிதருக்கு மட்டும் பெயரில்லாமல் சோதனை செய்துகொள்ளும் உரிமை எழுதப்படவில்லை. மாநிலச் சட்டம் நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

சோதனைக்குப் போகுமுன்

✦ வேறொருவருக்குப் பயன்படுத்திய ஊசி, பாதுகாப்பில்லாத உறவு என்று ஏதாவது நேர்ந்து 72 மணி நேரம் கடக்கவில்லையென்றால், சோதனைக்குக் காத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போகவும். 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

✦ தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனை அதைக் காட்டாமல் போகலாம். ‘இல்லை’ என்று வந்தாலும், மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை பார்ப்பது நல்லது.

✦ தொற்று உறுதியானால் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) அரசு மையங்களில் இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது.

✦ தொற்றுள்ள தாய் கர்ப்பகாலத்திலேயே மருந்தைத் தொடங்கினால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முடியும்.

✦ சந்தேகம் கேட்க: 1097. கட்டணமில்லா தேசிய உதவி எண்.

பிரான்ஸ் 1987-ல் செய்தது

பெயரிலாப் பரிசோதனையைச் சட்டமாக்கிய நாடுகளில் ஒன்று புதுச்சேரிக்குப் பழக்கப்பட்ட நாடு. 1987 ஜூலை 30 அன்று பிரான்ஸ் நிறைவேற்றிய ஒரு சட்டம், மாவட்டத்துக்கு ஒரு மையமாவது பெயர் கேட்காமல், காசு வாங்காமல் எச்.ஐ.வி. சோதனை செய்ய வேண்டும் என்றது. அடுத்த ஆண்டிலிருந்து மையங்கள் திறந்தன. வருபவர் ஓர் எண்ணைப் பெற்றுக்கொள்வார், மருத்துவர் பேசுவார், முடிவை நேரில் வந்து அந்த எண்ணைக் காட்டி வாங்கிக்கொள்வார். அடையாள அட்டை, முகவரி எதுவும் கிடையாது. 2016-ல் இந்த மையங்களைப் பால்வினை நோய் மையங்களோடு இணைத்துப் புதிதாக அமைத்தபோதும் அந்த உரிமையை எடுக்கவில்லை. பெயர் சொல்வதா வேண்டாமா என்று வருபவரே தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்தார்கள்.

செலியமேட்டிலிருந்து போய்ப் பாரிஸ் புறநகரில் குடியேறிய ஒருவருக்கு இந்த உரிமை உண்டு. ஊரிலேயே இருக்கும் அவருடைய அண்ணனுக்கு இல்லை.

அமெரிக்காவில் 1985 மார்ச்சில் எச்.ஐ.வி. ரத்தச் சோதனைக்கு அனுமதி கிடைத்ததும் ஒரு பயம் வந்தது. தன் நிலையை அறிய நினைப்பவர்கள் ரத்த வங்கிக்குப் போய் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்வார்களே, அதனால் வங்கி ரத்தமே கெட்டுப்போகுமே என்பது அந்தப் பயம். அதற்காகவே மாற்று இடங்களில் பெயர் கேட்காத மையங்களைத் திறந்தார்கள். ஓரிகன் மாநிலத்தில் பெயரிலாச் சோதனையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, 1988-ல் லான்செட் இதழில் வெளியானது. சோதனைக்கு வந்தவர் எண்ணிக்கை பாதியளவு கூடியது. ஓரினச்சேர்க்கை ஆண்களில் அது இரண்டு மடங்குக்கும் மேலே போனது. யாருக்குத் தொற்று வாய்ப்பு அதிகமோ, யாருக்கு ஊர்ப்பேச்சின் பயம் அதிகமோ, அவர்களே பெரும்பங்கில் வந்தார்கள்.

மருந்துகள் வந்த பின்னால் அங்கே சில மாநிலங்கள் பெயரிலாச் சோதனையை நிறுத்தியதும் உண்மை. சிகிச்சைக்குப் பெயர் வேண்டும், தொற்றுள்ளவரின் துணைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இந்தக் கேள்விகளைத் தட்டிக்கழிக்க முடியாது.

எதிர்க்கேள்விகள்

பெயர் தெரியாதவரை எப்படி மருந்துக்குக் கொண்டுவருவது? மருந்து இல்லாத காலத்தில் சோதனையின் முடிவு ஒரு மரணச் செய்தி; யாரும் தானாகத் திரும்பி வரக் காரணமே இருக்கவில்லை. இன்று நிலைமை வேறு. 2004-ல் சில மருத்துவமனைகளில் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்து, 2017 முதல் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று பாராமல் தொற்று உறுதியான எல்லாருக்கும் கிடைக்கிறது. நாளைக்கு ஒரு மாத்திரை, முழு ஆயுள் என்ற செய்தியை நல்ல ஆலோசகர் நேரில் உட்கார்ந்து சொன்னால், எண்ணாக வந்தவர் பெயரோடு திரும்பி வருவார். பொய்ப்பெயர் தந்து போனவரைத்தான் திரும்பக் கூப்பிட வழியில்லை. அவர் சொன்ன ஊரில் அப்படி ஒரு ஆளே இருக்கமாட்டார்.

மனைவிக்கு, கணவனுக்கு யார் சொல்வது? இதுவே கனமான கேள்வி. குறிப்பிட்ட சூழ்நிலையில் மருத்துவரோ ஆலோசகரோ துணைக்குத் தெரிவிக்க 2017 சட்டம் இடம் தருகிறது. பெண்ணுக்கு வன்முறையோ கைவிடப்படுதலோ நேரலாம் என்ற அச்சம் இருந்தால் கூடாது என்கிறது. ஆனால் சோதனையே செய்துகொள்ளாத கணவனின் மனைவிக்கு யாராலும் எதையும் தெரிவிக்க முடியாது. தன் நிலை தெரிந்த கணவனிடம் ஆலோசகர் பேசலாம், அடுத்தமுறை துணையையும் அழைத்து வரச் சொல்லலாம். முதல் அடி நடந்தால்தான் இரண்டாம் அடிக்கே பேச்சு.

கணக்கு தவறாதா? ஒரே ஆள் இரண்டு மையத்தில் சோதித்தால் இரண்டாக ஏறும் என்பது சரி. பொய்ப்பெயர்களோடு இருக்கும் இன்றைய கணக்கிலும் அந்தப் பிழை இருக்கிறது. தேசிய மதிப்பீடு, சோதனைப் பதிவேட்டைக் கூட்டிப் போடும் கணக்கும் அல்ல.

பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பகாலச் சோதனை பெயரோடுதான் நடக்கிறது. குழந்தையைக் காக்க அது தேவை. ஆனால் அதன் விளைவாகப் பல குடும்பங்களில் முதலில் தெரிவது மனைவியின் நிலை. “நீதான் கொண்டுவந்தாய்” என்ற பழியும் அவள் மேலேயே விழுகிறது. ஆண் சோதனை செய்யாமல் ஒதுங்கி நிற்கும்வரை இந்த அநியாயம் தீராது. பெயர் கேட்காத கதவைத் திறந்தால் அதிகம் வரப்போவது ஆண்கள். அது அந்தப் பெண்களுக்கும் நீதி.

புதுச்சேரியால் முடியும்

பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். யூனியன் பிரதேசமாக இருந்தாலும் புதுச்சேரிக்குச் சொந்தச் சட்டமன்றம் உண்டு. மத்தியச் சட்டத்துக்கு முரண்படாமல் அதற்கு மேல் பாதுகாப்பைச் சேர்க்கலாம். துணைநிலை ஆளுநரின் ஒப்புதல், மத்திய அரசின் பார்வை என்று நடைமுறைகள் இருக்கின்றன. அவை தாமதப்படுத்தலாம்; ஆனால் தடுத்து நிறுத்தக் காரணம் இல்லை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் என்ற நான்கு பகுதிகளையும் ஒரே துறை நிர்வகிப்பதால், எடுத்த முடிவு கடைசி மையம்வரை போய்ச்சேர்வதும் பெரிய மாநிலங்களைவிடச் சுலபம்.

சட்டம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. அரசு மையமோ தனியார் லேப்போ, எச்.ஐ.வி. சோதனைக்கு வருபவர் விரும்பாவிட்டால் பெயர், முகவரி, கைப்பேசி எண், அடையாள அட்டை எதையும் கேட்கக்கூடாது. ஒரு குறியீட்டு எண் தரவேண்டும். உறுதிப்படுத்தும் மூன்று சோதனைகளும் அதே எண்ணில் நடக்கவேண்டும். முடிவை எண்ணைக் கொண்டுவந்தவரிடம் மட்டும், நேரில், ஆலோசனையோடு சொல்லவேண்டும். வாட்ஸ்அப் கூடாது. கூட்டு மருந்து தொடங்கும் நாளில் மட்டும் பெயர் கேட்கலாம். எந்த ஊர் மையத்தில் மருந்து வாங்குவது என்பதை வருபவரே முடிவு செய்யலாம். பாகூர்க்காரர் கடலூரில் வாங்க விரும்பினால் எல்லைக்கோடு குறுக்கே நிற்கக்கூடாது. இரு அரசுகளின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு இது.

பிரான்ஸ் மாவட்டத்துக்கு ஒன்று என்றது. புதுச்சேரி கொம்யூனுக்கு ஒன்று என்று வைக்கலாம். அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று புதுச்சேரிப் பகுதியில் ஐந்து; காரைக்காலில் ஐந்து. மாஹேவுக்கும் யானத்துக்கும் ஒவ்வொன்று. புதிய கட்டடம் வேண்டாம். எச்.ஐ.வி. என்று தனியாகப் பலகை மாட்டாமல், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்க்கும் அதே அறையில் இதையும் வைத்தால் போதும். வரிசையில் நிற்பவர் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வருபவருக்காக வாரத்தில் ஓரிரு மாலைகளும் ஞாயிறும் திறந்திருக்க வேண்டும். குறைதீர்ப்பாளரின் பெயரும் தொடர்பு எண்ணும் ஒவ்வொரு மையச் சுவரிலும் இருக்க வேண்டும்.

பணியாளர்களுக்கும் இதில் நிம்மதி உண்டு. சொந்த ஊரில் வேலைபார்க்கும் நர்சம்மாவோ லேப் டெக்னீஷியனோ, தெரிந்தவர் முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டு எழுதும் சங்கடத்தைச் சுமக்கிறார்கள். எங்கேயாவது பேச்சுக் கசிந்தால் முதலில் சந்தேகம் விழுவதும் அவர்கள் மேல். எழுதாத பெயரைக் கசியவிட யாராலும் முடியாது.

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில், “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று ஒரு விளம்பரம் கேட்டது. ஊரே சிரித்தது, ஊரே பேசியது. விழிப்புணர்வு வேலை அன்றே பெருமளவு முடிந்துவிட்டது. எய்ட்ஸ் எப்படிப் பரவும் என்று இன்று பாகூர் பள்ளிப் பையனுக்கும் தெரியும். தெரிந்தவரைச் சோதனை மேசைவரை கொண்டுவருவதே மீதி வேலை. அதை இன்னொரு சுவரொட்டி செய்யாது. தன் பெயரை எப்போது, யாரிடம் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமையைச் சட்டம் அவரிடம் கொடுத்தால், பெரும்பாலோர் மருந்து வாங்க வரும்போது தாமாகவே சொல்வார்கள். சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் யாராவது ஓர் உறுப்பினர் இந்த மசோதாவைக் கேட்டு எழ வேண்டும். அதற்கான முதல் கேள்வியை, தொகுதிப் பக்கம் வரும் தங்கள் எம்.எல்.ஏ.விடம் பாகூர், வில்லியனூர் வாக்காளர்கள் இப்போதே கேட்கலாம்.